சோவியத் வாசகரும் அதிகற்பனைக் கதைகளும்

இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் எழுத்தாளரின் வரலாறுகளாகவே எழுதப்பட்டு வருகின்றன. ஒரு நூலை எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், எச்சூழ்நிலையில் எழுதினார் என்னும் வினாக்களுக்கு விடை கண்டதும் வரலாற்றாசிரியர் தமது கடன் தீர்ந்ததாகக் கருதிவிடுகின்றார். அந்நூல் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது, "இதைப் படித்துவிட்டீரா, அடுத்து எதைப் படிக்கலாம்?" என்று ஒரு வாசகர் மற்றொரு வாசகரிடம் கேட்டபோது சமூகத்தில் என்ன நிகழ்ந்தது என்பனவெல்லாம் ஆராய்ச்சிக்குரிய பொருள்களாக எண்ணப்படுவதில்லை. ஆயினும் வாசகர் கைகளில் உலவாத நூல் வெறும் அச்சடித்த தாளேயன்றி இலக்கியமன்று.

அதிகற்பனைக் கதைகளைப் பொறுத்தவரை இந்தப் புறக்கணிப்பு இரட்டிப்பாகின்றது. ஈழத்தில் 1950களிலும் 1960களிலும் முற்போக்கு விமர்சனம் யதார்த்தத்தைத் தன் கொடியாக உயர்த்திப் பிடித்தது. அஃது அக்காலத்தின் தேவையாக இருந்தது. உழைப்பையும் சாதிக் கொடுமையையும் மண்ணின் வாழ்வையும் எழுத்துக்குக் கொணர்ந்த பெருமை அவ்வியக்கத்தையே சாரும். எனினும் அதனோடு சேர்ந்து ஒரு தீர்ப்பும் நம்மிடையே வேரூன்றியது. மந்திரவாதியும் பறக்கும் கம்பளமும் வேற்றுக்கிரகமும் வருகின்ற கதைகள் மக்களை வாழ்க்கையிலிருந்து அப்பால் இழுத்துச் செல்வன, வேலையற்றோரின் பொழுதுபோக்கு, முதலாளித்துவ நாடுகளின் சரக்கு என்பதே அத்தீர்ப்பு. திண்ணையில் விக்கிரமாதித்தன் கதை வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் பலரும் இத்தீர்ப்புக்குக் கையொப்பமிட்டனர் என்பது வேறு விடயம்.

இத்தீர்ப்பைச் சோதித்துப் பார்ப்பதற்குச் சோவியத் யூனியனைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. அங்கே சந்தை இருக்கவில்லை, விளம்பரம் இருக்கவில்லை, மலிவுப் பதிப்பு வியாபாரிகள் வாசகரை மயக்கினர் என்று சொல்வதற்கும் இடமில்லை. அங்கும் இலட்சக்கணக்கானோர் அதிகற்பனைக் கதைகளைத் தேடினர், கிடைத்ததைப் பகிர்ந்தனர், கிடைக்காததைத் தாமே தட்டச்சு செய்து கைமாற்றினர். ஏன்?

ருஷ்ய மொழியில் 'ஃபன்டாஸ்டிகா' என்றொரு சொல் உண்டு. விண்வெளிக் கதை, எதிர்காலக் கற்பனை, மாயக்கதை ஆகிய மூன்றையும் அந்த ஒரு சொல்லே குறிக்கும். ஆங்கில உலகில் விஞ்ஞானக் கதையென்றும் மாயக்கதையென்றும் வகுத்து இரு தட்டுகளில் அடுக்குவர். சோவியத் வாசகர் அவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. ஆகவே நாமும் இக்கட்டுரையில் அவர்களது பழக்கத்தையே பின்பற்றுகின்றோம்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். இவ்வாசகர் கூட்டத்தை உருவாக்கியது புரட்சியே. 1897ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ருஷ்யப் பேரரசில் 9 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்டோருள் எழுத வாசிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 28 பேரே. 1919 டிசம்பரில் எழுத்தறியாமையை ஒழிக்கும் ஆணை பிறந்தது. 8 வயது முதல் 50 வயது வரையுள்ள அனைவரும் எழுத்துக் கற்க வேண்டும் என அது விதித்தது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சூழ்ந்திருந்த வேளையிற் பிறந்த ஆணை அது. 1939இல் அதே வயதெல்லையினருள் நூற்றுக்கு 87 பேர் எழுத்தறிந்திருந்தனர். உலக வரலாற்றில் இதற்கு ஈடு காண்பது அரிது. எழுத்தைக் கற்பித்த அரசு எதை வாசிப்பது என்பதையும் தானே கற்பிக்க விரும்பியது. வாசகரோ முதலாவதை நன்றியோடு ஏற்றுக்கொண்டனர். இரண்டாவதில் தம் விருப்பப்படி நடந்தனர்.

மாயக்கதை பற்றிய தகராறு தொடக்கத்திலேயே எழுந்தது. கொர்னேய் சுக்கோவ்ஸ்கி சிறுவர்க்கு எழுதிய 'முதலை' என்னும் பாடற்கதையை லெனினின் துணைவியார் குருப்ஸ்கயா 1928 பெப்ரவரியில் 'பிராவ்தா'வில் கடுமையாகச் சாடினார். கல்விப் பணிக்குத் தம் வாழ்நாளை அளித்தவர் அவர். அவரது நோக்கத்தை ஐயுற வேண்டியதில்லை. பேசும் விலங்குகள் குழந்தைக்கு உண்மையான உலகைப் பற்றிய அறிவைத் தரா என்பது அவரது அச்சம். அடுத்த மாதமே கோர்க்கி சுக்கோவ்ஸ்கிக்குச் சார்பாக அதே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். சோஷலிச யதார்த்தவாதத்தின் தந்தையென நாம் போற்றும் கோர்க்கி மாயக்கதையின் பக்கம் நின்றார் என்பது நம்மவருட் பலர் கவனிக்கத் தவறிய செய்தி.

கற்பனை முற்றாகத் தடுக்கப்பட்டதில்லை. அலெக்சி டொல்ஸ்டோயின் 'அயெலிதா' செவ்வாய்க் கிரகத்துக்குப் புரட்சியைக் கொண்டு சென்றது. 1924இல் அது திரைப்படமாகவும் வந்தது. அலெக்சாந்தர் பெலியாயெவின் 'நீர்நில மனிதன்' 1928இல் வெளிவந்தது. ஆயினும் உலகப் போருக்குப் பின்வந்த ஆண்டுகளில் விமர்சகர்கள் கற்பனைக்கும் எல்லைக்கல் நாட்டினர். அண்மைக் காலத்தில் நிறைவேறக்கூடிய தொழில்நுட்பத்தைப் பற்றி மட்டுமே எழுதலாம் என்ற கொள்கை அப்போது கோலோச்சியது. புதுவகை உழவு இயந்திரத்தையும் உருக்கு உலையையும் பற்றிய நாவல்கள் பெருகின. அவற்றை இன்று யாரும் தேடுவதில்லை. அன்றும் எவரும் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்ததாகத் தெரியவில்லை.

தேக்கத்தை உடைத்தவர் இவான் எஃப்ரேமொவ். மொங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் தொல்விலங்கு எச்சங்களை அகழ்ந்தெடுத்த விஞ்ஞானி அவர். அவரது 'அந்திரோமெடா விண்முகில்' 1957இல் இளைஞர் தொழில்நுட்பச் சஞ்சிகை ஒன்றில் தொடராக வெளிவந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி முதலாவது ஸ்புட்னிக் வானில் ஏறியது. வெகுதொலைவான எதிர்காலத்தில் கம்யூனிச சமுதாயம் எவ்வாறு இருக்கும் என்று அந்நாவல் கற்பனை செய்தது. அதில் வரும் 'மாபெரும் வளையம்' என்பது விண்மீன்களுக்கு இடையே வாழும் அறிவுள்ள இனங்கள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் அமைப்பாகும். எவரும் எவரையும் ஆள்வதில்லை. அறிந்ததைச் சொல்வர், அறியாததைக் கேட்பர். இக்கற்பனை வாசகர் உள்ளத்திற் பதிந்த விதத்தைப் பின்னர் காண்போம்.

அதன்பின் வாசிப்பு வெள்ளமாகப் பெருகியது. 'மீர்' பதிப்பகம் அயல்நாட்டுக் கதைகளை மொழிபெயர்த்து வரிசையாக வெளியிட்டது. 1965இல் தொடங்கிய 'நவீன ஃபன்டாஸ்டிகா நூலகம்' 25 தொகுதிகளாக வளர்ந்தது. ஒவ்வொரு தொகுதியும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் அச்சாகியது. ரே பிராட்பரியின் 'ஃபரன்ஹைட் 451' 1956இலேயே ருஷ்ய மொழிக்கு வந்துவிட்டது. நூல்களை எரிக்கும் அமெரிக்காவைப் பற்றிய கதை என்பதால் அதற்கு அனுமதி கிடைத்திருக்க வேண்டும். வாசகர் அதை எவ்வாறு பொருள் கொண்டனர் என்பது அனுமதி அளித்தவரின் கைக்கு அப்பாற்பட்டது.

இக்காலத்திலேதான் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் எழுந்தனர். அண்ணன் அர்க்காதி யப்பானிய மொழி வல்லுநர். தம்பி போரிஸ் வானியலாளர். 1965இல் வெளிவந்த இவர்களது 'திங்கட்கிழமை சனியன்றே தொடங்குகிறது' நம் விமர்சகர் மேசையில் வைத்துப் பார்க்கத்தக்க நூல். வடக்கே ஒரு சிற்றூரில் மந்திர வித்தைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம். கோழிக்கால் குடிசையும் கதை சொல்லத் தொடங்கிப் பாதியில் மறந்துபோகும் பூனையும் அங்கே உண்டு. பழங்கதைகளின் மந்திரவாதிகள் பகுதித் தலைவர்களாக இருந்து அறிக்கை எழுதுகின்றனர். அங்குள்ள இளைஞர்கள் விடுமுறை நாளிலும் வேலைக்கு வந்துவிடுவர். ஓய்வைவிட உழைப்பு அவர்களுக்கு இனிக்கின்றது. அதே கூரையின் கீழ் விபெகால்லோ என்னும் போலிப் பேராசிரியரும் இருக்கிறார். அவருக்கு ஆராய்ச்சி தெரியாது. நிருபரை அழைத்துப் படம் பிடிக்கத் தெரியும்.

இதனை வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் இலக்கியம் என்று கூறுவோர் சோவியத் ஆராய்ச்சி நிலையங்களின் இளம் பொறியியலாளர் ஏன் இதனை விழுந்து விழுந்து வாசித்தனர் என்பதற்கு விடை கூறியாக வேண்டும். நொவோசிபீர்ஸ்க்கின் அருகே 1957இல் நிறுவப்பட்ட விஞ்ஞான நகரத்திலும் அதுபோன்ற பிற இடங்களிலும் விபெகால்லோக்கள் நடமாடினர். உருக்கு உலை நாவல்களில் அவரைக் காண முடியவில்லை. மாயக்கதையிற் காண முடிந்தது. யதார்த்தம் என்று முத்திரை குத்தப்பட்ட எழுத்தில் யதார்த்தம் இல்லாதபோது அதனைத் தேடி வாசகர் மாயக்கதைக்குச் சென்றனர் என்பதே எமது கருத்து.

அதிகாரிகளுக்கும் இது விளங்காமலில்லை. அந்நூலின் தொடர்ச்சியாகிய 'முக்கூட்டின் கதை' 1968இல் இர்குட்ஸ்க் நகரின் 'அங்காரா' சஞ்சிகையில் வந்தது. அலுவலக ஆட்சியை எள்ளி நகையாடும் கதை. 'முக்கூட்டு' என்னும் சொல்லோ 1937, 1938ஆம் ஆண்டுகளில் அவசரத் தீர்ப்பு வழங்கிய குழுக்களை நினைவூட்டுவது. சஞ்சிகையின் பொறுப்பாளர் தண்டனைக்குள்ளாயினர். அதே ஆண்டு 'சரிவின் மேல் நத்தை' என்ற அவர்களது மற்றொரு படைப்பின் ஒரு பகுதியை வெளியிட்ட 'பைகால்' சஞ்சிகைக்கும் இடுக்கண் நேர்ந்தது. தலைநகரில் மூடிய கதவை மாகாணச் சஞ்சிகைகள் திறக்கும், பின்னர் அக்கதவும் சாத்தப்படும். இதற்கிடையில் சில ஆயிரம் பிரதிகள் வாசகரிடம் சேர்ந்துவிடும். அப்பிரதிகளே பின்னர் தட்டச்சுப் பொறியின் அருகே விரித்து வைக்கப்பட்டன.

மிகையில் புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரீத்தாவும்' இவ்வகையில் தனிக்கதை. 1940இல் இறக்கும்வரை திருத்தி எழுதிய நாவலை அவரது மனைவி யெலேனா இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருந்தார். சாத்தான் தன் பரிவாரத்துடன் மொஸ்கோவுக்கு வருகின்ற அக்கதை 1966 நவம்பர் இதழிலும் 1967 ஜனவரி இதழிலும் 'மொஸ்க்வா' சஞ்சிகையில் வெளியாயிற்று. ஏறத்தாழ நூற்றுக்கு 12 பங்கு வெட்டப்பட்டிருந்தது. வெட்டுண்ட பகுதிகள் தட்டச்சுத் தாள்களாகப் புறப்பட்டு நகரெங்கும் உலவின. வாசகர் அவற்றைப் பெற்று, எந்தப் பக்கத்தில் எந்த வரிக்குப் பின் இது சேர வேண்டும் என்று பார்த்து, சஞ்சிகையினுள் செருகி ஒட்டி வைத்தனர். நாவலை முழுமையாக்கும் வேலையில் வாசகர் பங்கேற்றனர். 1973இல் முழு நாவலும் சோவியத் நாட்டில் நூலாக வந்தது. 30,000 பிரதிகளே அச்சாகின, அவற்றிலும் பெரும்பகுதி அந்நியச் செலாவணிக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போயிற்று. கொம்யூனிச நாட்டின் தொழிலாளி தன் நாட்டு நாவலை வாங்குவதற்கு டொலர் வேண்டியிருந்தது! இதைச் சுட்டிக்காட்ட நாம் முதலாளித்துவப் பத்திரிகையாளராக இருக்க வேண்டியதில்லை.

இவ்வாறு தாமே படியெடுத்துப் பரப்பும் முறைக்கு 'சமிஸ்தாத்' என்று பெயர். தற்பதிப்பு எனலாம். அதன் வேலைமுறை எளிது, உழைப்போ பெரிது. மெல்லிய தாள்களுக்கு இடையே காபன் தாள் வைத்து நான்கைந்து படிகளை ஒரே நேரத்தில் எடுப்பர். விசைகளை ஓங்கி அடிக்க வேண்டும். கடைசிப் படியில் எழுத்துகள் மங்கிப் புகைபோலத் தெரியும். அவசரக்காரருக்கும் புதியவருக்கும் அந்தக் கடைசிப் படியே கிடைக்கும். ஓர் இரவுக்கு மட்டும் தரப்படும் படிகளும் உண்டு. அப்போது குடும்பத்தினர் மேசையைச் சுற்றி அமர்ந்து படித்த தாளை அடுத்தவருக்கு நகர்த்துவர். தட்டச்சு வேலையின் பெரும்பங்கு பெண்களுடையது. அலுவலகத்தில் பகலெல்லாம் தட்டியவர்கள் இரவிலும் தட்டினார்கள். பிற்காலத்தில் ஆராய்ச்சி நிலையங்களின் கணிப்பொறிகளில் வேலை செய்தோர், மடிப்பு மடிப்பாக வரும் நீண்ட தாளில் முழு நாவல்களையும் அச்சிட்டுக்கொண்டனர். அரசின் இயந்திரம், அரசின் தாள், அரசு வெளியிட மறுத்த கதை.

விளையாட்டல்ல இது. 1966 பெப்ரவரியில் சின்யாவ்ஸ்கி, தானியேல் என்னும் எழுத்தாளர் இருவர் மொஸ்கோவில் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். புனைபெயரில் வெளிநாட்டில் பதிப்பித்த கதைகளே அவர்களது குற்றம். அக்கதைகளிற் சில அதிகற்பனைக் கதைகள். முன்னவருக்கு ஏழு ஆண்டும் பின்னவருக்கு ஐந்து ஆண்டும் கடூழியச் சிறை. கதைமாந்தர் சொன்னதற்கு எழுத்தாளர் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பெருங்கவிஞர் லூயி அரகோன் தம் கட்சிப் பத்திரிகையிலேயே இத்தீர்ப்பைக் கண்டித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் ருஷ்யக் குடியரசின் தண்டனைச் சட்டத்தில் 190-1 என்னும் பிரிவு சேர்ந்தது. சோவியத் அமைப்பை இழிவுபடுத்தும் பொய்களைப் பரப்பினால் மூன்று ஆண்டுவரை சிறை. எது பொய் என்பதை முடிவு செய்வோர் யார் என்பது சொல்லாமலே விளங்கும். ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரரின் 'அவலட்சண அன்னங்கள்' இவ்வாறே கைமாறிக் கைமாறி உலவியது. 1972இல் ஆசிரியரின் இசைவின்றி மேற்கு ஜெர்மனியில் அச்சாகி அவர்களுக்குத் தொல்லையும் தந்தது. சொந்த நாட்டில் அது சஞ்சிகையில் வெளிவர 1987 ஆயிற்று.

எஃப்ரேமொவும் தப்பவில்லை என்பது கசப்பான செய்தி. அவரது 'எருதின் நேரம்' 1970இல் நூலாக வந்தது. தொலைக் கிரகமொன்றின் கொடுங்கோலாட்சியைப் பற்றிய கதை அது. பூமியிலிருந்து செல்லும் கம்யூனிஸ்டுகளே அதன் வீரர்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் பாதுகாப்புக் குழுவின் தலைவர் அந்திரோபொவ் மத்திய குழுவுக்கு எழுதிய குறிப்பில் இந்நூல் சோவியத் நடைமுறையைத் திரித்துக் காட்டுவதாகக் கூறினார். நூல் வாசகசாலைத் தட்டுகளிலிருந்து மறைந்தது. 1972 ஒக்டோபரில் எஃப்ரேமொவ் காலமானார். நவம்பரில் அவரது வீடு சோதனையிடப்பட்டது. கம்யூனிசத்தின் எதிர்காலத்தை அவரைப்போல் நம்பி எழுதியவர் சோவியத் இலக்கியத்தில் வேறெவரும் இல்லை. தொலைக் கிரகத்துக் கொடுங்கோலனைக் கண்டதும் அதிகாரிகள் தம்மையே நினைத்துக்கொண்டனர்.

ஆங்கிலேயப் பேராசிரியர் டொல்கீனின் கதை வேறு வகையானது. 'மோதிரங்களின் தலைவன்' நூலைச் சினயீதா போபிர் என்னும் மொழிபெயர்ப்பாளர் 1960களில் சுருக்கி ருஷ்ய மொழியில் ஆக்கினார். மாயமோதிரத்துக்கு அனுமதி கிடைக்காதென அஞ்சிய அவர், விஞ்ஞானிகள் ஒரு மோதிரத்தை வைத்துப் பரிசோதனை நடத்துவதாகச் சட்டகக் கதை ஒன்றையும் தாமே புனைந்து சேர்த்தார். அப்படியும் அச்சேறவில்லை, தட்டச்சுப் படியாகவே உலவியது. 1970களின் பிற்பகுதியில் பெர்ம் நகர மொழியியலாளர் அலெக்சாந்தர் குரூஸ்பெர்க் மூன்று பாகங்களையும் மொழிபெயர்த்தார். வெளியிடுவார் எவருமில்லை என்பதை அறிந்தே செய்த வேலை. அதுவும் கைமாறிப் பரவியது. இடையே 1976இல் நத்தாலியா ரஹ்மானவாவின் மொழிபெயர்ப்பில் 'ஹொபிட்' சிறுவர் நூலாக வந்தது. அதன் ஓவியர் கதைத்தலைவனுக்கு யெவ்கேனி லியோனொவ் என்னும் நடிகரின் முகத்தையே வரைந்துவிட்டார். 1982இல் பெருங்கதையின் முதற்பாகம் மட்டும் சுருக்கமாக அச்சாயிற்று. அடுத்த பாகம் ஆண்டுக்கணக்காக வரவில்லை. மோதிரத்தைச் சுமந்து சென்றவன் என்ன ஆனான் என்று அறிய விரும்பியோர் தட்டச்சுப் படி வைத்திருப்போரைத் தேடிப் போயினர். ஆங்கிலம் அறிந்தோர் மிகுதியைத் தாமே மொழிபெயர்த்து நண்பருக்கு வாசித்துக் காட்டினர். ஆங்கிலம் கற்பதற்கே இக்கதையைக் காரணமாகக் கொண்டோரும் உளர்.

இவ்வாசகரைப் புனிதராக்குவதும் தவறு. நூற்பஞ்சம் இருக்கும் இடத்தில் கள்ளச்சந்தையும் இருக்கும். நகர்ப்புறப் பூங்காக்களிலும் காட்டோரங்களிலும் ஞாயிறுதோறும் நூல் மாற்றும் கூட்டங்கள் கூடின. பொலிஸ் வரும்போது கலைந்தன. அச்சிட்ட விலையைவிடப் பன்மடங்கு கொடுத்தால் எதுவும் கிடைத்தது. ஒரு பிராட்பரிக்கு ஒரு டூமா என்ற முறையில் மாற்று வீதங்கள் இருந்தன. 1974இல் அரசே ஒரு வழி கண்டது: 20 கிலோ பழைய தாளை ஒப்படைத்தால் அருமையான நூலொன்றை வாங்கும் கூப்பன் கிடைக்கும். நமது நாட்டில் அரிசிக்குக் கூப்பன் இருந்ததை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. டூமாவின் நாவலுக்காக மக்கள் பழைய பத்திரிகைகளைக் கட்டிச் சுமந்தனர். அதைப் பெற்றுக் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்தோரும் பலர். வாசிப்பதற்காக மாற்றியோரையும் அழகுக்காகச் சேர்த்தோரையும் வேறுபடுத்திக் காண வேண்டும். முதல் வகையினரே நமது கட்டுரையின் பொருள்.

அவர்கள் தம்முள் கூடத் தொடங்கினர். ஃபன்டாஸ்டிகா அன்பர் கழகங்கள் என்ற பெயரில் 1960களில் அங்குமிங்கும் தோன்றியவை 1970களின் இறுதியில் நாடெங்கும் பரவின. பெர்ம், நொவோசிபீர்ஸ்க், வொல்கோகிராட், தொன் நதிக்கரை ரொஸ்தொவ், ஹபரொவ்ஸ்க் என ஒவ்வொரு நகரிலும் ஒரு கழகம். நூல்நிலையத்தின் பின்னறையிலோ பண்பாட்டு மாளிகையிலோ கொம்சமோல் அலுவலகத்திலோ மாதமிருமுறை கூடுவர். இந்த மாதம் யார் எதை வாசித்தார், எது தேறும், எது தேறாது, எந்த மாகாணச் சஞ்சிகையின் எந்த இதழில் கவனிக்கத்தக்க கதை வந்திருக்கிறது என்பதே பேச்சு. ஆளுக்கொரு பட்டியல், ஒரு கழகத்தின் பட்டியல் தபாலில் மற்றொரு கழகத்துக்குப் போகும். இன்ன கதை இங்கே இருக்கிறது, அதற்கு ஈடாக இன்னது வேண்டும் என்று கடிதங்கள் எழும். நூலகரும் பேராசிரியரும் தொகுக்காத நூல்விவரத்தைப் பொறியியலாளரும் பாடசாலை மாணவரும் அட்டைகளில் எழுதித் தொகுத்தனர்.

சுவெர்த்லொவ்ஸ்க் நகரிலிருந்து வெளிவந்த 'ஊரல் பாதைதேடி' இவர்களுக்கு வாய்த்த நல்ல துணை. அச்சஞ்சிகையின் ஃபன்டாஸ்டிகாப் பகுதியை நடத்திய வித்தாலி புக்ரொவ் எழுத்தாளருக்கு அளித்த மதிப்பையே வாசகரின் கடிதத்துக்கும் அளித்தவர். 1981இல் அச்சஞ்சிகையும் எழுத்தாளர் சங்கமும் சேர்ந்து 'அயெலிதா' பரிசை நிறுவின. முதற் பரிசை ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரருக்கும் பழைய தலைமுறையின் கசன்செவுக்கும் பகிர்ந்து கொடுத்தமை எவரையும் புண்படுத்தக்கூடாது என்ற எச்சரிக்கையைக் காட்டுகின்றது. பரிசைவிட, பரிசு விழாவுக்கு நாற்றிசையிலிருந்தும் ரெயிலேறி வந்த கழகத்தினரின் சந்திப்பே பயன் மிக்கது. கடித முகவரியாக மட்டும் அறிந்தவரை அங்கே முகங்கண்டனர்; பையை அவிழ்த்து நூல்களையும் தட்டச்சுப் படிகளையும் மாற்றிக்கொண்டனர். கழகங்கள் தமக்குள் வாக்கெடுத்துத் தரும் பரிசொன்றும் 1980களில் ஏற்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மாபெரும் வளையம்'. எஃப்ரேமொவ் விண்மீன்களிடையே கண்ட கனவை அவரது வாசகர் தபால் முத்திரை ஒட்டி நிறைவேற்றினர்.

இவர்களை ஆட்சியின் பகைவர் என்று சித்திரிப்பது மேற்கு நாட்டு ஆய்வாளர் சிலரின் வழக்கம். சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. கழகத்தினருட் பெரும்பாலோர் கொம்சமோல் உறுப்பினர், பலர் கட்சியினர், எஃப்ரேமொவின் கம்யூனிசத்தை மெய்யாகவே விரும்பியவர். அவர்கள் கேட்டது மேல்நாட்டு வாழ்க்கையையன்று. புரட்சி வாக்களித்த எதிர்காலம் எப்போது வரும், ஏன் தாமதிக்கிறது, வழியில் நிற்பவர் யார் என்றே கேட்டனர். அதிகாரிகளுக்கு இக்கேள்வி பகைவரின் கேள்வியைவிட உறுத்தியது. பகைவனைக் கைது செய்யலாம்; நம்பியவனை என்ன செய்வது? 1984இல் மேலிடத்தின் பார்வை கழகங்களின்மேல் விழுந்தது. உறுப்பினர் பட்டியல்கள் கேட்கப்பட்டன. சிலர் வேலைத்தலத்தில் விசாரிக்கப்பட்டனர். பல கழகங்கள் அறையை இழந்து கலைந்தன. அனுமதியின்றி நகரத்துக்கு நகரம் தொடர்பு கொண்ட இளைஞர் கூட்டம், அதன் பேச்சு வேற்றுக்கிரகத்தைப் பற்றியதாயினும், ஓர் அமைப்பாகவே அவர்களது கண்ணிற்பட்டது.

நமக்கும் சோவியத் நூல்களுக்கும் உள்ள உறவை இங்கே ஒருகணம் நினைக்கலாம். மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் கெட்டி அட்டையும் வெண்தாளுமாக ஏழை மாணவனும் வாங்கத்தக்க விலையில் நம்மை வந்தடைந்தன. அவற்றால் ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஆனால் எந்த நூல் நமக்கு வரலாம் என்று தேர்ந்தவர் அதிகாரி. சோவியத் வாசகர் தமக்குள் எதைச் சிபாரிசு செய்தனர் என்பதை நாம் அறியவில்லை. அதிகாரியின் பட்டியலைக் கொண்டு ஒரு நாட்டின் இலக்கியத்தை அளந்தோம். நம் முற்போக்கு விமர்சனம் மாயக்கதைக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியபோது, தான் முன்மாதிரியாகக் கொண்ட நாட்டிலேயே அத்தீர்ப்புக்கு மாறாக வாசகர் வாக்களித்துக்கொண்டிருந்ததை அது அறிந்திருக்கவில்லை.

பிற்பகுதியைச் சுருக்கமாகக் கூறலாம். 1980களின் இறுதியில் தடைகள் தளர்ந்தன; 1990 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த பத்திரிகைச் சட்டம் தணிக்கையை நீக்கியது. அதே கோடையில் கிரஸ்நோயார்ஸ்க் அருகே டொல்கீன் வாசகர் காட்டிற் கூடி, மரவாள் ஏந்தித் தாம் கைமாற்றி வாசித்த கதையையே நடித்து மகிழ்ந்தனர். 1992 ஜனவரியில் விலைக்கட்டுப்பாடு அகன்றது. தெருவோர மேசைகளில் மொழிபெயர்ப்பு மாயக்கதைகள் மலையாகக் குவிந்தன. பளபளக்கும் அட்டை, வாளேந்திய வீரன், அரைகுறை மொழிபெயர்ப்பு. எல்லாம் கிடைத்தது. எதை வாசிப்பது என்று சொல்வதற்கு முன்போல் ஆள் இல்லை; கழகங்கள் தேய்ந்தன; ஆராய்ச்சி நிலையங்களிற் சம்பளம் மாதக்கணக்காக வரவில்லை. தணிக்கையாளரால் முடியாததை வறுமையும் வியாபாரமும் செய்து முடித்தன.

ஆயினும் ஒரு சிறு கூட்டம் தன் வேலையை விடவில்லை. ஸ்ட்ருகாட்ஸ்கி நாவலொன்றில் வரும் சொல்லைக் கொண்டு 'லூதென்' எனத் தமக்குப் பெயரிட்ட வாசகர் சிலர் 1990இல் ஒரு குழுவானார்கள். சஞ்சிகைப் பதிப்பு, நூற்பதிப்பு, கையெழுத்துப் படி, தட்டச்சுப் படி எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கம் வைத்து வரிவரியாக ஒப்பிட்டனர். 1969இல் 'நேவா' சஞ்சிகையிலும் 1971இல் நூலாகவும் வந்த 'மனிதர் வாழும் தீவு' நாவலில் தணிக்கையின் பொருட்டுச் செய்யப்பட்ட திருத்தங்கள் 896 என்று அவர்களுள் ஒருவர் எண்ணிக் கணக்கிட்டார். கொடுங்கோலரின் பட்டப்பெயர் மாறியிருந்தது. சாதாரணப் போர் டாங்கிகள் ஜெர்மன் பெயர் பூண்டிருந்தன. மக்ஸிம் றொஸ்தீஸ்லாவ்ஸ்கி என்ற ருஷ்ய இளைஞன் மக்ஸிம் கம்மெரெர் ஆகியிருந்தான், வருங்காலத்து ருஷ்யன் ஒருவன் அத்தகைய கிரகத்தில் அகப்படலாகாது என்பதற்காக. 2000ஆம் ஆண்டு தொடங்கி டொனெட்ஸ்க் நகரின் 'ஸ்டாக்கர்' பதிப்பகம் சகோதரரின் முழுத்தொகுதியைத் திருந்திய பாடத்துடன் வெளியிட்டது. அதைப் பதிப்பித்தவர் அவ்வாசகர் குழுவைச் சேர்ந்த ஸ்வெத்லானா பொந்தரெங்கோ. உயிரோடிருந்த தம்பி போரிஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்து ஒப்புதல் அளித்தார். வெட்டப்பட்டவை பெரும்பாலும் மீண்டன. கதைத்தலைவனின் பெயர் மட்டும் கம்மெரெர் என்றே விடப்பட்டது. பின்வந்த நாவல்களில் அவன் அப்பெயரோடு வளர்ந்து முதுமை எய்தியிருந்தான். மூன்று தசாப்தங்களாக வாசகர் அவனை அப்பெயராலேயே அழைத்துப் பழகியிருந்தனர்.